பூஜை அறை விளக்கை அணைக்க வேண்டாம்

கேள்வி:

ஸ்ரீரங்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்கூடம் போகும் பையன்கள் இரண்டு பேர், மாமியார். கோடையில் எடுத்த கரண்ட் ரீடிங் 534 யூனிட். அன்றிலிருந்து கணவர் வீடு முழுக்கச் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு ஸ்விட்ச் ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு வருகிறார். போன் சார்ஜரைச் செருகி வைத்தால் கோபம். பூஜை அறை எல்.இ.டி. பல்பை ஏழு மணிக்கே அணைத்துவிடுகிறார். மாமியார் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போயிருக்கிறது. கிரைண்டர் போட வேண்டாம், மாவு பாக்கெட் வாங்கிக்கொள் என்கிறார். கேஸ் மிச்சமாகட்டும் என்று இண்டக்ஷன் அடுப்பு வாங்கித் தந்திருக்கிறார். பால், டீ எல்லாம் அதில்தான். மாமியார் அறையில் பழைய ஃபேன் பகல் இரவாக ஓடுகிறது, அவர் வயதுக்கு அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. பையன்கள் அறையில் ஏ.சி. இரவில் ஐந்து மணி நேரம், 22-ல். 14 வருஷத்து ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. மாடித் தொட்டி நிறைய முன்பு 20 நிமிஷம் ஆகும், இப்போது 35 நிமிஷம் மோட்டார் ஓடுகிறது. வோல்டேஜ் குறைவோ என்னவோ. நாங்கள் எங்கே மிச்சம் பிடிப்பது?

பதில்:

சகோதரிக்கு,

ஆலைகளுக்குப் போய் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். நூற்பாலையோ நாலு அறை வீடோ, நான் முதலில் பார்க்கிற தப்பு ஒன்றுதான். மனிதர்கள் கண்ணுக்குத் தெரிகிறதை அணைப்பார்கள். வெளிச்சம் தெரியும், அதனால் விளக்கின் மேல் கோபம் வரும். சத்தம் கேட்கும், அதனால் கிரைண்டர் மேல் சந்தேகம் வரும். சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் தின்கிறவற்றை யாரும் கவனிப்பதில்லை.

முதலில் பூஜை அறை பஞ்சாயத்தை முடித்துவிடலாம். அந்த பல்ப் 9 வாட் இருக்கும். (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.) சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை தினமும் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. போன் இல்லாமல் சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜர் இரண்டு மாதத்தில் அரை யூனிட்கூடத் தொடாது. கிரைண்டர் சுமார் 150 வாட். நாற்பது நிமிஷம் அரைத்தால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, ஒரு ரூபாய்கூட ஆகாது. அந்த ஒரு ரூபாயைக் காப்பாற்ற ஐம்பது ரூபாய் கொடுத்து மாவு பாக்கெட் வாங்குகிறீர்கள். அரிசி, உளுந்து விலையைக் கழித்துப் பார்த்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். இன்றைக்கே அரிசியை ஊறப் போடுங்கள்.

இனி 534 என்ற எண்ணைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்காகிறது, படிக்கட்டு மாதிரி ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் படிக்கட்டில் 500-ஆவது யூனிட்டில் ஒரு பள்ளம் இருப்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி கணக்குப் போடுகிறேன். அதற்கப்புறம் விகிதம் மாறியிருப்பதால் உங்கள் ரசீதில் தொகை கொஞ்சம் வேறாக இருக்கும். ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500-ல் நின்றால் 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2 ரூபாய் 25 காசுப் படியே காணாமல் போய்விடும். 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 500-க்கு மேல் ஓடுகிற யூனிட்டுக்கு 8 ரூபாய். 510 யூனிட் ஓட்டியவர் கட்ட வேண்டியது 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! உங்கள் 534-க்கு 2,222 ரூபாய் வருகிறது. ஆக, நீங்கள் பாதி வீட்டை இருட்டாக்க வேண்டியதில்லை. 34 யூனிட் குறைத்தால் ஏறக்குறைய 500 ரூபாய் மிச்சம். அறுபது நாளில் 34 யூனிட் என்பது ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

அந்த அரை யூனிட் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்பதைவிட உங்கள் வீட்டு மீட்டரைக் கேட்பது நல்லது. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும், பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை தடவை மின்னும் என்பது மீட்டர் முகப்பிலேயே எழுதியிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். உங்களுடையதில் வேறாக இருந்தால் அதை வைத்துக் கணக்கிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையன்களில் ஒருவனை மீட்டர் முன்னால் உட்கார வையுங்கள். வீட்டில் எல்லாவற்றையும், ஃப்ரிட்ஜ் உட்பட, பத்து நிமிஷம் சுவரிலேயே அணையுங்கள். விளக்கு மின்னக் கூடாது. அப்போதும் மின்னினால் நீங்கள் மறந்துபோன ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் ஒயரிங்கில் கசிவு இருக்கிறது. கசிவு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத் தாமதிக்க வேண்டாம், அது பணத்தைவிடப் பெரிய விஷயம். மின்னவில்லை என்றால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பத்துப் பத்து நிமிஷம் எண்ணச் சொல்லுங்கள். 3200 மீட்டரில் பழைய 75 வாட் ஃபேன் பத்து நிமிஷத்தில் 40 தடவை மின்ன வைக்கும். எட்டாம் வகுப்புக் கணக்குதான், பையன் ஆசையாகச் செய்வான். உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. நான் சொல்வதை அவர் நம்புகிறாரோ இல்லையோ, மீட்டரை நம்புவார்.

டி.வி.யை அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை மட்டும் விட்டுப் பாருங்கள். ஆறு தடவையாவது மின்னும் என்று நினைக்கிறேன். ரிமோட்டில் அணைத்தால் டி.வி. தூங்கிவிடுகிறது, பெட்டி தூங்குவதில்லை. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அந்தச் சூட்டுக்கு நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். 12 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். இரவும், யாரும் டி.வி. பார்க்காத பகலுமாக 16 மணி நேரம் சுவர் ஸ்விட்சில் அணைத்தால் 11 யூனிட் போகும். திரும்பப் போட்டால் படம் வர ஒரு நிமிஷம் ஆகும். சீரியல் பார்க்கிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

அப்புறம் மாமியார் அறையில் இரவு விளக்கு ஏதாவது எரிகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த வயதுக்காரர்கள் அறையில் பெரும்பாலும் ஒரு சிவப்பு 'ஜீரோ வாட்' பல்ப் இருக்கும். பெயரைக் கேட்டு யாரும் அதைத் தொடுவதில்லை. உள்ளே இழை இருக்கிற பழைய ரகமாக இருந்தால் அது 15 வாட் வரை எடுக்கும். சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர்கள் அவ்வளவு சின்ன ஓட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும், அதனால்தான் ஜீரோ என்று பெயர் வந்தது. இப்போதைய மீட்டர் எதையும் விடாது. பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்: பூஜை அறை விளக்கைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிவப்பிலேயே வாங்கிக் கொடுங்கள், அத்தைக்குப் பழகிய நிறம் மாற வேண்டாம்.

மோட்டார் விஷயம் எனக்குச் சொந்த அனுபவம். ஊரான் வீட்டு மின்சாரத்தைக் கணக்குப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த நான், என் வீட்டு மோட்டார் 20 நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டதை ஒரு வருஷம் கவனிக்கவில்லை. வீட்டில் சொன்னபோது வோல்டேஜ் என்று நானும் சொன்னேன். கடைசியில் பிளம்பர் சம்ப்புக்குள் இறங்கி, தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட் வால்வில் அடைத்துக்கொண்டிருந்த பாலிதீன் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் 20 நிமிஷம் 35 ஆனது என்றால் ஃபுட் வால்வு அடைப்போ, கசிவோ, பம்ப்புக்குள் தேய்மானமோ இருக்கலாம். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். தினம் கூடுதலாக 15 நிமிஷம் என்றால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். பிளம்பர் கூலியை ஓரிரண்டு பில்லிலேயே எடுத்துவிடலாம்.

பம்ப் சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னால், தண்ணீர் வேறெங்கோ போகிறது. ராத்திரி படுக்கும் முன் டாய்லெட் ஃப்ளஷ் டாங்க்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கலந்துவிடுங்கள். ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் டாங்க்கின் அடி ரப்பர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அது மாடித் தொட்டித் தண்ணீர், அதாவது மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிற குழாயும் ஒரு நாளில் ஒரு பெரிய வாளியை நிரப்பிவிடும்.

இதுவரை சொன்னவற்றைக் கூட்டிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் 11, இரவு விளக்கு 9, மோட்டார் 15. மொத்தம் 35. பெரிய செலவில்லாமல் மயிரிழையில் 499-க்கு வந்துவிட்டீர்கள். மயிரிழை போதாது என்பதால் ஏ.சி.க்கும் ஃபேனுக்கும் போவோம்.

ஏ.சி.யை நிறுத்தச் சொல்ல மாட்டேன். திருச்சி வெயிலில் படிக்கிற பிள்ளைகள் தூங்க வேண்டும். ஆனால் 22-ல் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்வது எதற்கு? ஒரு டிகிரி ஏற்றினால் ஏ.சி. எடுக்கும் மின்சாரம் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையோடு விற்கிற ஏ.சி.க்கள் போட்டவுடன் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அந்தக் காரணத்தால் வந்தது. 25-ல் வைத்து, சீலிங் ஃபேனை இரண்டாம் நம்பரில் ஓட விடுங்கள். உடம்புக்கு 23 மாதிரி இருக்கும். ஐந்து மணி நேரத்துக்கு இரவுக்கு 3 யூனிட் என்று வைத்தால் இந்த ஒரு மாற்றமே கோடை பில்லில் 30 யூனிட்டைக் குறைக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அதைப் பையன்களே செய்யலாம்.

மாமியார் ஃபேனை நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள். நீங்கள் தாராளமாகச் செலவு செய்ய வேண்டிய இடம் இது ஒன்றுதான். 75 வாட் ஃபேன் தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். உங்கள் ஃப்ரிட்ஜைவிட அதிகமாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது ரக மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட்டுக்குள் தரும்; 29 யூனிட்டில் முடிந்துவிடும். மிச்சம் 43. விலை மூவாயிரம் ரூபாய் அளவில் இருக்கும். 35-உம் 43-உம் சேர்ந்தால் நீங்கள் 456-ல் நிற்பீர்கள், பில் 1,461 ரூபாய். அதாவது இந்த 534 யூனிட் பில்லில் 760 ரூபாய் குறைவு. ஏ.சி.யை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லா ஃபேனையும் ஒரேயடியாக மாற்றும்படி கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். நாளுக்கு நாலு மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் போட்ட காசு திரும்ப வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள்.

ஃப்ரிட்ஜை 14 வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை. அடுத்த தடவை குடும்பத்தோடு வெளியூர் போகும்போது, ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து, பூட்டும்போது ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு 2 யூனிட்டுக்கு மேல் என்றால் புதியது வாங்க யோசிக்கலாம். அதற்கு முன் கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றலாம். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். புதியது வாங்கினால் பழையதைக் கொடுத்துவிடுங்கள். புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டுப் பழையதை ஹாலில் தண்ணீர் பாட்டிலுக்கென்று ஓட விடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ஃப்ரிட்ஜ் தின்ற இடத்தில் இரண்டு தின்னும்.

இண்டக்ஷன் அடுப்பைப் பற்றி உங்கள் கணவரிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நினைத்ததில் பாதி சரி. ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய 100 யூனிட் மின்சாரத்தின் சூட்டுக்குச் சமம். மீதி அடுப்பைச் சுற்றிப் போய்விடுகிறது. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு 9 ரூபாய். இண்டக்ஷனில் வீணாவது குறைவு, ஆனாலும் கொஞ்சம் போகும். 500-க்குள் இருக்கிற வீட்டுக்கு அது கேஸைவிட மலிவுதான். 500-ஐத் தாண்டிய வீட்டில் யூனிட்டுக்கு 8 ரூபாய், வீணாவதையும் சேர்த்தால் கேஸை மிஞ்சிவிடும். பால் காய்ச்சிய அந்த யூனிட்டுகளே உங்களை 500-ஐத் தாண்ட வைத்திருந்தால் அந்த அடுப்பு உங்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று யோசித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் ஏ.சி. ஓடுகிறவரை இண்டக்ஷனைத் துடைத்து மேலே வையுங்கள். ஐப்பசிக்கு மேல் இறக்கிக்கொள்ளலாம்.

கேஸில் மிச்சம் பிடிக்க எங்கள் அம்மா செய்ததைவிடப் புதிதாக எனக்கு ஒன்றும் தெரியாது. பருப்பை ஊற வைத்து, குக்கரில் வைத்து, முதல் விசிலோடு தீயைச் சிம்மில் தள்ளுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

ரீடிங் எடுக்க வருகிறவர் சரியாக அறுபதாம் நாள் வருவார் என்று நம்ப முடியாது. சில சமயம் ஒன்பது வாரம், 63 நாள் ஆகிவிடும். அதனால் வாரத்துக்கு 55 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வாரம் ஆனாலும் 495. கணக்கெடுத்த நாளின் ரீடிங்கைக் காலண்டரில் எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் அந்த வார ரீடிங்கை எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் 60 வந்தால் பதற வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்விட்சுகளைக் காவல் காக்கும் வேலையை விட்டுவிட்டு இந்தக் காலண்டர் வேலையை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்குக் கணக்குப் பார்க்கிற குணம் இருக்கிறது, அது கெட்ட குணம் இல்லை.

ஃபேன் வாங்கும்போது இன்னொன்று. பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டக் கூடாது, ஃபேனே கெட்டுப்போகலாம். மாட்ட வருகிறவரிடம் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிமோட்டில்தான். வயதானவர்களுக்கு அது முதலில் எரிச்சலாக இருக்கும். ரிமோட்டை ஒரு நூலில் கட்டிக் கட்டில் சட்டத்தில் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நடு ராத்திரியில் தலையணையை உதறித் தேட வேண்டி வரும்.